பெஞ்சில் உட்கார்ந்த பெரிய டாக்டர்

என்னிடம் நல்ல குணங்கள் சில உண்டு. மன்னிப்பது அவற்றில் இல்லை. அந்தக் குணம் என் கணவர் தயாளனிடம் தாராளமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். ஒரே தப்பைப் பத்துத் தடவை செய்கிற பையனையும் சிரித்துக்கொண்டே திருத்துவார். டாக்டர் வேதசிரோமணியின் பேச்சை நான் எடுக்கும்போதெல்லாம், "விட்டுடேன் ஜோதி," என்பார். "மன்னிப்பு உங்க டிபார்ட்மென்ட். நீங்களே பாத்துக்குங்க," என்பேன்.

விஷயம் நடந்தது அறுபத்து நாலில். மேற்குத் தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வேதசிரோமணியின் நர்சிங் ஹோம். தாம்பரத்தில் அவரைப் 'பெரிய டாக்டர்' என்றுதான் சொல்வார்கள். நான் அங்கே உதவி டாக்டர். மூத்தவள் புஷ்பத்துக்கு இரண்டு வயது, இளையவன் அசரியா கைக்குழந்தை. எங்கள் வீடு சேலையூர்ப் பக்கம். காலையில் அசரியாவுக்குப் பால் கொடுத்துவிட்டு ரயில்வே கேட்டைத் தாண்டி ஓடுவேன். ரவுண்ட்ஸ் முடிந்ததும் மறுபடி கேட்டைத் தாண்டி வீட்டுக்கு ஓடுவேன். கேட் மூடியிருந்தால் அங்கே நின்றுகொண்டே மின்சார ரயிலைத் திட்டுவேன்.

அன்றைக்கு ரவுண்ட்ஸ் முடியவேயில்லை. யாரோ பெரிய மனிதர் வீட்டு மருமகள் பிரசவித்துப் படுத்திருந்தாள். அவள் மாமியாரோடு பெரிய டாக்டர் நின்று பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு பச்சைக்குழந்தை வீறிட்டு அழுதது. பால் கொடுக்கிற எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும்: எந்தக் குழந்தை அழுதாலும் மார் சுரந்துவிடும். அது யாருடைய குழந்தை என்று மாருக்குத் தெரியாது. என் ரவிக்கை நனைந்தது. அதற்கு மேல் போட்டிருந்த வெள்ளைக் கோட்டும் நனைந்தது.

பெரிய டாக்டர் திரும்பிப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார். "டாக்டர் ஞானஜோதி, வாசனை அடிக்குது. இது மாட்டுக்கொட்டகை இல்ல. நீங்க வீட்டுக்குப் போகலாம்," என்றார்.

நர்ஸ் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த மாமியார் பொத்தாமலே சிரித்தாள். நான் வீட்டுக்கு வந்து அசரியாவை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். துக்கத்தில் அழவில்லை, ஆத்திரத்தில் அழுதேன். மறுநாள் பெரிய டாக்டர் என் ஸ்டெதாஸ்கோப்பைப் பேப்பரில் சுற்றி ஆள் மூலம் அனுப்பிவைத்தார். வேலை போய்விட்டது என்று நானே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

வேலை போனதைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்தச் சொல் போன வேகத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கள் சர்ச் சபை முழுக்கப் பரவி, அடுத்த வாரம் மார்க்கெட்டுக்கும் போய்விட்டது. 'மாட்டுக்கொட்டகை டாக்டர்' என்றால் நான்தான். வீட்டு முன்னறையில் ஒரு மேஜையும் பெஞ்சும் போட்டு வைத்தியம் ஆரம்பித்தேன். இருமல், சளி, சிரங்கு, காதில் பயறு போட்டுக்கொண்ட பிள்ளை என்று எல்லாம் வந்தது. பிரசவம் மட்டும் வரவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரிகள் என் வாசலைத் தாண்டி ரிக்‌ஷாவில் பெரிய டாக்டரிடம் போனார்கள். பிரசவம் பார்க்கத்தான் நான் படித்தேன். என் கை அதற்குப் பழகிய கை. அந்த மனிதர் ஒரு வார்த்தையில் அதைக் கட்டிப் போட்டுவிட்டார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நாலு பேர் முன்னால் சொன்னதை அவர் நாலு பேர் முன்னால் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் அவருக்கு நேர் பின் வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடுவார்கள். நான் அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாலு வருஷம் இப்படியே போனது. மூன்றாவதாக சுந்தர்சிங் பிறந்தான். வீட்டில் இருந்தது ஒரே மண்ணெண்ணெய் ஸ்டவ். அதில் முதலில் ஊசி கொதிக்கும், பிறகுதான் சோறு. முன்னறையில் கொடி கட்டிப் பிள்ளைத்துணி காயப்போட்டிருப்போம். நோயாளிகள் தலையைக் குனிந்துதான் உள்ளே வர வேண்டும். மேஜைக்கு அடியில் அசரியா காலி மருந்து டப்பாக்களை வைத்து ரயில் ஓட்டுவான். பீர்க்கன்கரணையிலிருந்து செல்லம்மா என்று ஒருத்தி வந்து பெஞ்சில் இருப்பவர்களை வரிசைப்படி உள்ளே அனுப்புவாள், சுந்தர்சிங்கையும் பார்த்துக்கொள்வாள். மந்திரியே வந்தாலும் வரிசையைத் தாண்ட விடமாட்டாள்.

இதற்கிடையில் பெரிய டாக்டருக்கு ஒரு புதுப் பைத்தியம் பிடித்திருந்தது. டப்பா பால். சபைப் பெண்கள் சங்கத்தில் வந்து, தாய்ப்பால் பழைய காலத்து வழக்கம், டப்பா பால்தான் விஞ்ஞானம் என்று பிரசங்கம் செய்தார். வருஷா வருஷம், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையன்று கோயில் மைதானத்தில் பூசணிக்காய் ஏலம், கேக் ஏலம் எல்லாம் நடக்கும். அதோடு கொழுகொழு குழந்தைப் போட்டி ஒன்றையும் அவர் சேர்த்தார். ஜெயித்த குழந்தையின் வீட்டார் மேடையேறி, என்ன ஊட்டம் கொடுத்தோம் என்று மைக்கில் சொல்ல வேண்டும். அது அவரே போட்ட சட்டம். எல்லோரும் டப்பா பால் என்று சொல்வார்கள். அவர் தலையை ஆட்டுவார். நான் பல்லைக் கடிப்பேன்.

அறுபத்தெட்டு தொடக்கத்தில், ஒரு மத்தியானம், அவர் மனைவி ரத்தினபாய் எங்கள் பின்வாசலில் வந்து நின்றார். முகம் கறுத்திருந்தது. அவர்கள் மருமகள் சரோஜினிக்குக் குறைமாதத்தில் பிரசவமாகி, ஜன்னி கண்டு, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். குழந்தை நர்சிங் ஹோமிலேயே இருந்தது. ஆண் குழந்தை, கைக்குள் அடங்குகிற அளவு.

"டப்பா பால் எதுவும் தங்க மாட்டேங்குது ஜோதி. குடிச்சா வாந்தி, இல்லாட்டி பேதி. உச்சிக்குழி உள்ளே போயிடுச்சு. நாக்கெல்லாம் வறண்டு கெடக்கு. நீ கைக்குழந்தைக்காரி. உன்னை விட்டா யாரைக் கேக்கிறதுன்னு எனக்குத் தெரியல," என்றார்.

"அவர் அனுப்பினாரா?"

ரத்தினபாய் தரையைப் பார்த்தார். "அவருக்குத் தெரியாது."

குழந்தையைச் சாக விடுகிறவள் நானில்லை. கையைக் கழுவினேன், ஒரு அவுன்ஸ் கிளாசைக் கொதிக்கும் தண்ணீரிலிருந்து எடுத்தேன், உள்ளறையில் உட்கார்ந்து அது நிறையும் வரை பீய்ச்சினேன். மேலே சுத்தமான துணி கட்டி ரத்தினபாய் கையில் கொடுத்தேன். "பாலாடையில ஊத்தி, சொட்டுச் சொட்டா விடுங்க. அவசரப்படாதீங்க," என்றேன். அவர் அழ ஆரம்பித்தார்.

"அழாதீங்க அக்கா, பால் ஆறிடும். இன்னொன்னு சொல்றேன், அதையும் கொண்டு போங்க. அடுத்த வேளைக்கு அவரே வரணும். பின்வாசல் இல்ல, முன்வாசல். நான் நோயாளி பாக்கிற நேரத்துல வந்து, பெஞ்சுல உக்காந்து, வரிசையில வரணும்."

"அவர் வராட்டி?"

"வருவார்," என்றேன். வராவிட்டாலும் பாலைக் கொடுத்துத்தான் அனுப்பியிருப்பேன். அது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

சாயங்காலம் அவர் கார் எங்கள் தெருவில் திரும்பியது. கோட்டு, டை, கையில் கறுப்புத் தோல் பை. பெஞ்சில் அனகாபுத்தூரிலிருந்து வந்த ஒரு நெசவுக்காரர் இருமிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண் மூக்கு ஒழுகும் பிள்ளையோடு இருந்தாள். இருவரும் அவரைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்கள். அவர் நேரே உள்ளே வரப் பார்த்தார்.

"இன்னா சார், இவங்கல்லாம் அப்போலேர்ந்து குந்திகினு கீறாங்க. லைன்ல வா சார்," என்றாள் செல்லம்மா.

அவர் உட்கார்ந்தார். நெசவுக்காரருக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவில், பிள்ளைத்துணிக்கு அடியில் உட்கார்ந்தார். நெசவுக்காரரின் மாரை நான் வழக்கத்தைவிட நிதானமாகப் பார்த்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. பெரிய டாக்டர் முறை வந்தது. உள்ளே வந்து நின்றார்.

"சொல்லுங்க டாக்டர். என்ன வேணும்?"

"உங்களுக்கே தெரியும்."

"வர்றவங்க வாயால சொன்னாத்தான் நான் குடுக்கிறது வழக்கம்."

தொண்டையைச் செருமிக்கொண்டார். "பால் வேணும்," என்றார்.

கட்டி வைத்திருந்த பாட்டிலைக் கொடுத்தேன். தோல் பைக்குள் வைத்து மூடிக்கொண்டு போனார். நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு அப்படி இறங்கியது. "உனக்கு இவ்வளவு பசி எடுத்து நான் பாத்ததில்லை," என்றார் தயாளன்.

அதிலிருந்து தினமும் காலையும் மாலையும் அவர் வந்தார். அவருடைய நர்சிங் ஹோமில் ஃப்ரிட்ஜ் இருந்ததால், கொடுத்ததை வைத்துக்கொண்டு வேளாவேளைக்குக் கொடுத்தார்கள். குழந்தைக்கு உச்சிக்குழி நிரம்பியது, பிறகு கன்னம் வந்தது. எனக்கு ராகிக்கஞ்சியும் முருங்கைக்கீரையும் தயாளன் கையாலேயே நடந்தது. சுந்தர்சிங்குக்கு ஒரு குறையும் இல்லை. பெரிய டாக்டர் தினமும் "பால் வேணும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சரோஜினி பிழைத்து வீட்டுக்கு வந்தாள், ஆனால் பால் வற்றிவிட்டது. மூன்று மாதம் போல அவர் என் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவ்வளவோடு விட்டிருப்பேனோ என்னவோ. ஒரு நாள் பெண்கள் சங்கத்திலிருந்து வந்த ஒருத்தி சொன்னாள்: "பெரிய டாக்டர் பேரன் எப்படித் தேறிட்டான் பாத்தீங்களா? எல்லாம் டப்பா பால்தானாம். அவரே சொன்னார்."

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அன்றைக்கே தெருவில் நின்று கத்தியிருப்பேன். செல்லம்மாதான் தடுத்தாள். "சும்மா இரும்மா. ஊர்ல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? தெனமும் ரெண்டு வேள பெரிய டாக்டரு உங்கிட்ட வந்துகினு கீறாரு. பையத் தூக்கிகினு உள்ள வர்றாரு, பேயறஞ்ச மாதிரி வெளிய போறாரு. அவருக்கு ஏதோ பெரிய நோவு, இந்த அம்மாதான் ஊசி போடுதுன்னு பேசிக்கிறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நான் இன்னாத்த சொல்றது? நமக்கு ஒண்ணியும் தெரியாதுன்ட்டேன்."

நான் அவளுக்கு இன்னொரு டம்ளர் காபி போட்டுக் கொடுத்தேன்.

செல்லம்மா ஒன்றும் தெரியாது என்று சொல்லச் சொல்ல, அந்த நோய் வளர்ந்துகொண்டே போனது. முதலில் சர்க்கரை என்றார்கள். பிறகு நரம்பு என்றார்கள். கை நடுங்குகிறது என்றார்கள். கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு நிறைமாதக்காரி அவள் அம்மாவோடு வந்தாள். "பெரிய டாக்டரே தனக்கு ஒண்ணுன்னா உங்ககிட்டதானே வர்றாராம். அப்புறம் நாங்க எதுக்கும்மா அங்க போறது?" என்றாள் அம்மாக்காரி. நாலு வருஷத்துக்குப் பிறகு என் கை பார்த்த முதல் பிரசவம் அது. பெண் குழந்தை. அடுத்து ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று. என் வாசலைத் தாண்டிப் போன ரிக்‌ஷாக்கள் என் வாசலிலேயே நின்றன. பக்கத்து வீட்டு அறையை வாடகைக்குப் பிடித்து இரண்டு கட்டில் போட்டேன். அவருடைய வார்டில் கட்டில்கள் காலியாகக் கிடப்பதாக ரத்தினபாயே வந்து சொன்னார்.

பால் வாங்குவது நின்று சில மாதம் கழித்து, அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம், பெரிய டாக்டர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை செல்லம்மா சொல்லாமலே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என்னைப் பத்தி வெளியில பேசுறது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்," என்றார். "எனக்கு எந்த வியாதியும் இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"என்கிட்ட யார் எதுக்கு வந்தாங்கன்னு நான் வெளியில சொல்றதில்ல டாக்டர். நம்ம தொழில் தர்மம். நீங்கதானே எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க?"

"நான் நோயாளியா வரலை."

"அப்ப எதுக்கு வந்தீங்கன்னு நீங்களே சொல்லிடுங்க. பேச்சு அன்னைக்கே நின்னுடும்."

அவருக்கு இருந்தது இரண்டே வழி. ஒன்று, வியாதிக்காரர் என்ற பெயரைச் சுமக்க வேண்டும். இல்லாவிட்டால் பால் வாங்க வந்தேன் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. எழுந்து போனார்.

பண்டிகையன்று மைதானத்தில் நல்ல கூட்டம். பேரன் போட்டியில் இருந்ததால், தீர்ப்புச் சொல்ல வெளியிலிருந்து ஒரு டாக்டரை அழைத்திருந்தார்கள். வேதசிரோமணியின் பேரனுக்குத்தான் முதல் பரிசு. எனக்கு அதில் ஆச்சரியமில்லை, என்ன குடித்து வளர்ந்தான் என்று எனக்குத் தெரியாதா? பெரிய டாக்டர் குழந்தையை ஏந்திக்கொண்டு மேடையேறினார். அவர் போட்ட சட்டப்படி, போதகர் லாசரஸ் மைக்கை நீட்டிக் கேட்டார்: "ஊட்டம் என்ன கொடுத்தீங்க டாக்டர்?"

முன்வரிசையில் சுந்தர்சிங்கை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"இவன் பிறந்தப்போ டப்பா பால் ஒத்துக்கலை," என்றார். "டாக்டர் ஞானஜோதி தன்னோட பாலைக் கொடுத்தாங்க. மூணு மாசம் அதை வாங்கத்தான் நான் அவங்க வீட்டுக்குப் போனேன். எனக்கு எந்த வியாதியும் இல்லை."

கடைசி வரியைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னார். பிறகு என்ன நடந்தது தெரியுமா? கை தட்டினார்கள். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு பெரிய மனிதர், எவ்வளவு தாழ்மை, பேரனுக்காக ஒரு சின்ன டாக்டரின் வாசலில் போய் நின்றாரே என்று உருகினார். பின்னால் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பால் என்னுடையது, புகழ் அவருக்கு. நாலு வருஷமாக நான் காத்திருந்ததை என் கண்ணெதிரே அவர் மாலையாகப் போட்டுக்கொண்டு நின்றார்.

"டாக்டர் ஞானஜோதி அம்மாவும் மேடைக்கு வரணும், போட்டோ எடுக்கணும்," என்றார் போதகர். சுந்தர்சிங்கைத் தயாளன் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். பெரிய டாக்டர் குழந்தையை என்னிடம் நீட்டினார்; வாங்கிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கீச்சிட, குழந்தை பயந்து வீறிட்டு அழுதது. என் மார் சுரந்தது. அன்றைக்குப் பார்த்து நான் வெளிர் நீலத்தில் மெல்லிய வாயில் புடவை கட்டியிருந்தேன். மாரில் இரண்டு பக்கமும் ஈரம் பரவியது. முன்வரிசைக்கு நன்றாகத் தெரிந்தது. பெரிய டாக்டருக்கும் தெரிந்தது. அவர் பார்வையைத் தாழ்த்தினார்.

நான் முந்தானையை இழுத்துவிடவில்லை. மைக் பக்கம் குனிந்தேன்.

"வாசனை அடிக்குதா டாக்டர்?"

மூக்கைச் சிந்தியவர்கள் நிறுத்தினார்கள். அந்தச் சொல்லை அங்கே அறியாதவர் யாரும் இல்லை. எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் பேசிச் சிரித்த சொல்தான்.

"இல்லம்மா," என்றார் வாய்க்குள்.

"பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கலை."

"இல்லை," என்றார். இந்தத் தடவை மைதானம் முழுக்கக் கேட்டது. "எந்த வாசனையும் இல்லை. அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு." அதோடு விடாமல், "திங்கக்கிழமை நீங்க நர்சிங் ஹோமுக்கு வரணும். உங்க இடம் அப்படியே இருக்கு," என்றார்.

போதகரின் கைகள் மறுபடி தட்டுவதற்காக மேலே எழும்பின. நான் அவரை முந்திக்கொண்டேன்.

"வர முடியாது டாக்டர். இந்த வாரம் எனக்கு ரெண்டு பிரசவம் இருக்கு. ரெண்டு பேரும் உங்ககிட்ட பாத்துக்கிட்டிருந்தவங்க."

யாரும் கை தட்டவில்லை. குழந்தையின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்து, அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். நனைந்த புடவையோடு படியிறங்கி வந்து சுந்தர்சிங்கை வாங்கிக்கொண்டேன். அவனுக்கும் பசி நேரம்.

"இப்பவாவது விட்டுடலாமா?" என்று கேட்டார் தயாளன்.

"பாக்கலாம்," என்றேன். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."